அறுநூற்றுப் பதினொன்றாவது சுற்று

மூன்றாவது மாடிக்கு ஏறும்போதே ரேடியோ சத்தம் காதைத் துளைத்தது. செய்தியா, பாட்டா என்று பிரித்தறிய முடியாத அளவுக்கு உச்சத்தில் வைத்திருந்தார்கள். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறி வந்தவன் வாசலில் நின்று மூச்சு வாங்கினான். இசைக்கருவி பழுது பார்க்கிற கடையில் இப்படி ஒரு கூச்சலா என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது.

அவனுக்குத் தகரம் என்று பேர். பெற்றவர்கள் வைத்ததல்ல, மச்சான் வைத்தது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அவர்கள் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர். ஒருநாள் ஒத்திகையில் இவன் சத்தத்தைக் கிழித்துத் தடிக்க வைக்கும் டிஸ்டார்ஷன் பெடலை மிதித்து ஒரு இழுப்பு இழுத்ததும், "யாருப்பா அங்க தகரத்தை உருட்டுறது?" என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பேர் ஒட்டிக்கொண்டது. அன்று போன நிம்மதிதான் இவனுக்கு, இன்னும் திரும்பி வரவில்லை.

கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒரு சின்னப் பட்டை இருக்கும். காந்தத்தைச் சுற்றி, தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றி வைத்திருப்பார்கள்; அந்தச் சுருளுக்குக் காயில் என்று பேர். கம்பியின் அதிர்வைக் கேட்டு, ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டிக்குச் சொல்வது அதுதான். சத்தம் தடித்து, கிழிந்து, நெஞ்சில் மோதுகிற மாதிரி வருவதும் வராமல் போவதும் அந்தப் பட்டையின் கையில் இருக்கிறது என்று தகரம் நம்பினான். ஆறு மாதத்தில் நான்கு பட்டை மாற்றிவிட்டான். எதை மாட்டினாலும் மூன்றாம் நாள் அதில் ஒரு குறை அவன் காதுக்கு மட்டும் கேட்கும்.

மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். பொறுமைசாலி. ஆனால் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு. அன்று காலை அவன் கிட்டாரை உறையில் போடும்போது, வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்துவிட்டுப் பேசினாள்.

"உங்க கிட்டாருக்கு நான் ரெண்டாந்தாரம்னு தெரிஞ்சுதான் குடும்பம் நடத்துறேன். ஆனா கட்டின நாள்லேர்ந்து ஒருநாளாவது நிம்மதியா என்கூட உக்காந்து சாப்பிட்டிருக்கீங்களா? பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுப் போய் ஸ்க்ரூவைத் திருகறீங்க."

"இதுதான் கடைசி."

"நல்லாக் கேட்டுக்குங்க. இதுக்கப்புறம் அந்தக் கட்டையை ஒருதரம் பிரிச்சீங்க, நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவனுக்கும் தெரிந்தது. அவளில்லாத அந்த இரண்டு அறைகளை நினைத்துப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. ஆகவே கடைசி என்ற நினைப்போடுதான் இந்த மாடிகளை ஏறி வந்திருந்தான்.

கடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி பூதக்கண்ணாடி விளக்கின் கீழே குனிந்திருந்தார். மேஜையில் கம்பிகளை ஈயத்தால் பற்றவைக்கும் சால்டர் குச்சி, செம்புக் கம்பி உருளைகள், மெழுகு உருக்கும் பாத்திரம். ஓரத்தில் துணி போட்டு மூடிய ஏதோ ஒரு கருவி. அலமாரி உச்சியில் அந்த ரேடியோ. ஸ்டேஷன் மாற்றும் திருகை அசையாதபடி அதன் மேல் சிவப்பு டேப் சுற்றியிருந்தது.

"என்ன வேணும் தம்பி?" ரேடியோவுக்கு மேல் கத்தினார்.

"டிஸ்டார்ஷன் போட்டா சத்தம் தடிமனா வரணும்க்கா. ஆனா கூழாகிடக் கூடாது. ஆறு கம்பியையும் சேர்த்து அடிச்சாலும் ஆறும் தனித்தனியாக் கேக்கணும்."

"எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க." அவர் மூன்று பட்டைகளை எடுத்து வரிசையாக வைத்தார். "இது ஒத்தைக் காயில். தெளிவாப் பேசும். ஆனா பெடலை மிதிச்சதும் தேன்கூட்டுல கல்லெறிஞ்ச மாதிரி இரையும். இது ரெட்டைக் காயில். ரெண்டையும் எதிரெதிராச் சுத்தியிருக்கு. ஒண்ணுல வர்ற இரைச்சலை இன்னொண்ணு தின்னுடும். காந்தம் கொஞ்சம் சாது. மூணாவதும் ரெட்டைதான், காந்தம் முரட்டுத்தனமானது. கத்தும்."

கடையிலிருந்த ஆம்பில் ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தான். முதலாவது இரைந்தது. இரண்டாவது கம்பளிக்குள்ளிருந்து பேசியது. மூன்றாவது கத்தியது, வேறொன்றும் செய்யவில்லை. ரேடியோ வேறு நடுவில் புகுந்து உயிரை வாங்கியது. அவரிடம் கேட்டுப் பயனில்லை என்று தானே எட்டி ரேடியோவை நிறுத்தினான்.

கடை அப்படியே அடங்கிப் போனது.

அந்தப் பெண்மணியின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. முகத்தில் இரத்தம் வற்றியது. துணி போட்டு மூடிய கருவியையே பார்த்தார். இரண்டு மூச்சு நேரம் இருக்கும். பிறகு பாய்ந்து வந்து ரேடியோவைத் திரும்பப் போட்டார்.

"சத்தம் இல்லாட்டி எனக்கு வேலை ஓடாது," என்றார். குரல் சரியாக இல்லை.

தகரம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் கண் ஏற்கெனவே பாதி திறந்திருந்த இழுப்பறைக்குப் போயிருந்தது. உள்ளே ஒரு பழைய ரெட்டைக் காயில் பட்டை. மூடியில்லை, பெயரில்லை, மெழுகில் தோய்த்த பளபளப்பும் இல்லை. இரண்டு காயில்களிலிருந்தும் வந்த கம்பிகளை ஒன்றாக முறுக்கிச் சால்டர் வைத்து, அதன் மேல் அதே சிவப்பு டேப்பைச் சுற்றியிருந்தார்கள்.

"அது விக்கறதுக்கு இல்ல."

"சும்மா வாசிச்சு மட்டும் பாக்கறேன்க்கா."

மாட்டிப் பார்த்தான். ஒரே ஒரு இழுப்பு. சுவர் நெஞ்சுக்குள் வந்து போனது போலிருந்தது. அந்த இடியின் உள்ளே ஆறு கம்பியும் ஆறு ஆட்களைப் போலத் தனித்தனியாக நின்றன. கையை எடுத்ததும் ஆம்பில் ஒரு சிறு இரைச்சல்கூட இல்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் அவன் முகத்தையே நெடுநேரம் பார்த்தார். "என் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் மூஞ்சி மாறும்," என்றார். "ஒரு காயில் அவர் சுத்தினது. இன்னொண்ணு அவர் போனப்புறம் நான் எதிர்ப்பக்கமாச் சுத்தினது. சரி, எடுத்துட்டுப் போங்க. ஆனா இந்த முடிச்சை மட்டும் அவிழ்க்காதீங்க. சுவிட்ச் வெச்சு ஒத்தைக் காயிலை மட்டும் ஓட விட்டுப் பாக்கலாம்னு கை அரிக்கும். வேண்டாம்."

"ஏன், இரைச்சல் வருமா?"

"வரும்," என்றார். ரேடியோவின் ஒலியை இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

பதினாறு நாள் நிம்மதி. ஒத்திகையில் மச்சான் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, "இனிமே உனக்கு வேற பேர் வெக்கணும்," என்றார். இசையைப் பற்றி வாயே திறக்காத மனைவிகூட, தைத்துக்கொண்டிருந்த சட்டையோடு பின்னறை வாசலில் வந்து நின்று கேட்டாள். "இது நல்லாயிருக்குங்க. இதோட விட்டுடுங்க," என்றாள். அந்த நாட்களில் அவன் முழுச் சாப்பாடும் உட்கார்ந்து சாப்பிட்டான். அவள் ஒவ்வொரு முறையும் தட்டைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்துச் சிரிப்பாள்.

பதினேழாம் நாள் மதியம் அவன் காதுக்கு ஒரு குறை கேட்டது. தடித்த கம்பியில், அதுவும் அழுத்தி அடித்தால் மட்டும், ஒரு நூல் மந்தம். ஒற்றைக் காயிலில் அது போய்விடுமோ? போகாதோ? போனால் எப்படி இருக்கும்? சும்மா இருப்பது சிலருக்கு வராது. தகரத்துக்கு அது பிறவியிலேயே வரவில்லை.

முன்னறையில் அவள் சட்டைகளுக்குப் பொத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பது சட்டை, சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டும். தலை நிமிர மாட்டாள். அவன் பின்னறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினான். சால்டர் குச்சியைச் சூடாக்கினான். சிவப்பு டேப்பைப் பிரித்தான். முறுக்கைத் தளர்த்தினான். ஒரு சின்னச் சுவிட்ச், ஐந்து நிமிட வேலை. பிடிக்கவில்லையென்றால் பழையபடி சேர்த்துவிடலாம், அவளுக்குத் தெரியவே தெரியாது.

பெடலை மிதித்தான். கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டு சுவிட்சைத் தட்டினான்.

இரைச்சல் வந்தது. எதிர்பார்த்ததுதான்.

இரைச்சலுக்குள் வேறொன்றும் இருந்தது.

கிர்ர்ர்... கிர்ர்ர்... எண்ணெய் போடாத ஒரு கைப்பிடியை யாரோ நிதானமாகச் சுற்றுகிற சத்தம். மெழுகில் தோய்க்காத காயில் வெளிச்சத்தங்களைப் பிடிக்கும், சிலசமயம் ரேடியோகூடக் கேட்கும். அது அவனுக்குத் தெரியும். பட்டையை விரலால் தட்டிப் பார்த்தான். கைப்பிடி நிற்கவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் தூரத்திலிருந்து, வேறொரு அறையிலிருந்து போல, ஒரு பெண்குரல் எண்ணியது.

"அறுநூத்தி எட்டு... அறுநூத்தி ஒம்பது..."

சூடான எந்திர எண்ணெயின் வாசம் அறைக்குள் வந்தது.

"அறுநூத்திப் பத்து... அறுநூத்திப் பதினொண்ணு..."

குரல் நின்றது.

கைப்பிடியும் நின்றது.

இரைச்சல் மட்டும் இருந்தது. அதற்குள் யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு ஆம்பிலிருந்து, மிகப் பக்கத்தில், ஓர் ஆணின் குரல் கேட்டது. களைத்த, சாதாரணமான, வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற குரல்.

"எத்தனையில விட்டேன்?"

தகரத்தின் கை கம்பிகளோடு ஒட்டிப்போனது.

"எத்தனையில விட்டேன்?"

முன்னறையிலிருந்து, பொத்தான்களை விட்டுத் தலை நிமிராமலே, அவன் மனைவி பதில் சொன்னாள்.

"அறுநூத்திப் பதினொண்ணு. அடுத்தது பன்னெண்டு."

கைப்பிடி மறுபடி சுற்றத் தொடங்கியது.

அவன் ஆம்பின் வயரைப் பிடுங்கினான். முடிச்சைப் பழையபடி முறுக்கிச் சால்டர் வைத்தான். விரல் சுட்டதுகூடத் தெரியவில்லை. வெளியே வந்தபோது அவள் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ யாருக்குப் பதில் சொன்ன?"

"உங்களுக்குத்தான். எத்தனையில விட்டேன்னு நீங்கதானே கேட்டீங்க?" அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? மறுபடி பிரிச்சீங்களா?"

"இல்ல," என்றான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவளிடம் அவன் சொன்ன பெரிய பொய் அதுதான்.

அடுத்த மூன்று நாளும் ஆம்பில் அந்தக் குரல் வரவில்லை. முடிச்சுப் போட்ட பட்டை ஒழுங்காக வாசித்தது. ஆனால் வீட்டில் ஏதோ சரியில்லை. அவள் பாத்திரத்தைக் கழுவும்போது கை பாத்திரத்தோடு நிற்காமல் காற்றில் தொடர்ந்து சுற்றும். மாடிப்படி ஏறும்போது உதடு அசையும். பேச்சின் நடுவில் ஒரு கணம் நின்று எதையோ கேட்பாள், பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவாள். தையல் இயந்திரத்தில் அடிநூல் சுற்றும் பாபின்களின் டப்பாவைத் திறந்து பார்த்தான். இருந்த அத்தனை பாபினிலும் நூல் விளிம்பு வரை, கொஞ்சம்கூட மேடுபள்ளம் இல்லாமல் சுற்றியிருந்தது.

"எதுக்கு இவ்வளவு?"

"சும்மாதான். கை ஓடிட்டே இருந்துது," என்றாள். அவளுக்கே அது புதிதாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் மதியம் அவள் கண்ணயர்ந்திருந்தபோது அவன் பக்கத்தில் போய்க் குனிந்து காது கொடுத்தான். மூச்சோடு மூச்சாக வந்தது.

"எழுநூத்தி நாப்பத்தி மூணு... எழுநூத்தி நாப்பத்தி நாலு..."

பட்டையைக் கிட்டாரிலிருந்து பெயர்த்தெடுத்தான். துணியில் சுற்றிக்கொண்டு அந்த மாடிகளை நோக்கி ஓடினான்.

மூன்றாவது மாடி வரைக்கும் எந்தச் சத்தமும் இல்லை. கடையில் ரேடியோ அணைந்திருந்தது. அந்தப் பெண்மணி ஜன்னலோரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மேஜை ஓரத்துக் கருவியின் மேல் இப்போது துணி இல்லை. கைப்பிடி வைத்த ஒரு பழைய காயில் சுற்றும் கருவி.

"உக்காருங்க தம்பி," என்றார். "கேளுங்க."

"என்னத்தைக் கேக்கறது?"

"ஒண்ணுமில்ல. பாருங்க, ஒண்ணுமே இல்ல. அதைத்தான் நாலு நாளாக் கேட்டுட்டு இருக்கேன்." கண்ணைத் திறந்தார். "யார் பதில் சொன்னாங்க?"

"என் வீட்டுக்காரி."

அவர் முகம் சுருங்கியது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

அந்தக் கருவியில் எண்ணிக்கை காட்டும் முள் உடைந்துவிட்டதாம். கைப்பிடி ஒரு சுற்று என்றால் காயில் பத்துச் சுற்று. எண்ணூறு முறை கைப்பிடியைச் சுற்ற வேண்டும். கணவருக்குக் கம்பி அறுந்துவிடாமல் பிடிப்பதிலேயே கவனம், அதனால் எண்ணுவது மனைவியின் வேலை. அவர் இங்கே சுற்றுவார். இவர் உள்ளே சமையலைப் பார்த்துக்கொண்டே கைப்பிடிச் சத்தத்தைக் கேட்டு எண்ணுவார். நடுவில் நின்றால் அவர் கேட்பார், இவர் சொல்வார். இருபது வருஷம் அப்படித்தான்.

"அன்னிக்கும் எண்ணிட்டே இருந்தேன். அறுநூத்திப் பதினொண்ணுல சத்தம் நின்னுது. எத்தனையில விட்டேன்னு கேட்டார். சொல்லலாம்னு கையைத் துடைச்சுட்டு இங்க வந்தேன்." அவர் கருவியைப் பார்த்தார். "மேஜைல தலைய வெச்சிருந்தார். தொட்டுப் பார்த்தா சில்லுனு இருந்துது. வந்து பார்த்த டாக்டர், உயிர் போய் ரெண்டு மணி நேரம் ஆச்சுன்னார். ரெண்டு மணி நேரமா கைப்பிடிய யார் சுத்தினது தம்பி? நான் யாருக்கு எண்ணினேன்? பின்னாடி மீட்டர் வெச்சுப் பார்த்தேன். அறுநூத்திப் பதினோரு சுத்து, கணக்கு சரியா இருந்துது."

"அப்புறம்?"

"நான் பதில் சொல்லல. அவரும் விடல. வீடு அமைதியானா கேப்பார். பதினோரு வருஷம். எதிர்க் காயில் சுத்திச் சேர்த்துப் பார்த்தேன், பட்டைக்குள்ள அடங்கினார். இருந்தாலும் அப்பப்போ என் காதுல கேக்கும். அதுக்குத்தான் ரேடியோ. பட்டை வெளிய போனா எனக்கு விடியும்னு நெனைச்சேன்."

"எண்ணூறு வந்தா என்ன ஆகும்?"

"தெரியல. நான் அதுவரைக்கும் போகல."

"நீங்க வாங்கக்கா." அவன் கையைக் கூப்பினான். "நீங்க பதில் சொன்னா அவர் உங்ககிட்டத் திரும்பிடுவாரில்ல? உங்க குரலைத்தானே தேடறார்? அவ ஒண்ணும் அறியாதவ. என் வீட்டுல எனக்கு அவளை விட்டா யாரும் இல்ல."

அவர் அவனைப் பார்க்காமல் முடியாதென்று தலையை ஆட்டினார். கண்ணில் நீர் வழிந்தது. "நான் கெட்டவ இல்ல தம்பி. ஆனா வரமாட்டேன். இந்த நாலு நாள் மாதிரி நான் தூங்கினதே இல்ல." பிறகு மெல்லிய குரலில், "அவிழ்க்காதீங்கன்னு சொன்னேனே," என்றார்.

அவன் துணியைப் பிரித்தான்.

பட்டையை அவன் மேஜையில் வைத்தான். அவர் எழுந்து அலமாரி உச்சியிலிருந்து ரேடியோவை இறக்கி அவன் கையில் கொடுத்தார். "பட்டை இங்க இருந்தாலும் இனிமே அவர் பதில் சொன்னவங்களோடதான் இருப்பார். இதுல பேட்டரியும் இருக்கு, பிளக்கும் இருக்கு. அணைக்கவே அணைக்காதீங்க. கைப்பிடிச் சத்தம் அவங்க காதுல விழாட்டி எண்ண முடியாது. அப்புறம் அந்த டேப்பைப் பிரிக்காதீங்க. ஸ்டேஷன் இருக்கற இடத்துலயே இருக்கட்டும். ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல வெறும் இரைச்சல் வரும் பாருங்க, அது அவருக்கு வீடு மாதிரி."

அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது தையல் இயந்திரத்தின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பாபின் சுற்றிக்கொண்டிருந்தது. நூல்கண்டு மாட்டும் கம்பி வெறுமையாக இருந்தது. அவள் தலையை ஒருபக்கம் சாய்த்திருந்தாள். காதோரத்திலிருந்து ஒற்றைக் கறுப்பு இழை விறைப்பாகப் பாபினுக்குப் போனது. அவள் வலியில் முகம் சுளிக்கவில்லை.

"எழுநூத்தித் தொண்ணூத்தெட்டு... எழுநூத்தித் தொண்ணூத்தொம்பது..."

பிளக்கைச் சொருகி ஒலியை உச்சத்துக்குத் திருப்பினான்.

அவள் கண்ணைச் சிமிட்டினாள். மோட்டார் மிதியிலிருந்து காலை எடுத்தாள். "என்னங்க இது, வீட்டுக்குள்ள சந்தையக் கொண்டாந்துட்டீங்க?" என்று காதைப் பொத்தினாள். அவன் அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். எதற்கென்று அவளுக்குத் தெரியவில்லை, இருந்தாலும் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்தப் பாபினை அவள் பார்க்காதபடி சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். வழவழவென்று, அவ்வளவு நேர்த்தியாகச் சுற்றியிருந்தது.

அதன் பிறகு ஏழு வாரம் அவர்கள் நன்றாகவே இருந்தார்கள். கிட்டார் சுவரில் தொங்கியது, பட்டை இருந்த இடத்தில் ஓர் ஓட்டையோடு. குழுவிலிருந்து நின்றுகொண்டான். மச்சான் வந்து திட்டிவிட்டுப் போனார், ரேடியோ சத்தத்தில் பாதித் திட்டு கேட்கவில்லை. ரேடியோ பகலும் இரவும் வானிலையும் விளையாட்டும் யார் யாருடைய பேச்சுமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கொஞ்சநாள் சண்டை போட்டாள், பிறகு பழகிவிட்டாள். ஒவ்வொரு வேளையும் அவன் அவளோடு உட்கார்ந்து முழுச் சாப்பாடும் சாப்பிட்டான். "எந்தச் சாமி புண்ணியமோ, திருந்திட்டீங்க," என்றாள். காதோரத்தில் முடி திரும்ப வளர ஆரம்பித்தது.

ஆனால் அந்த ஸ்டேஷன் சரியாக விழுந்திருக்கவில்லை.

பேச்சுக்குப் பின்னால் ஒரு மெல்லிய விசில் இருந்தது. முதல் வாரம் அவனுக்கு அது கேட்கவில்லை. மூன்றாம் வாரம் கேட்டது. ஆறாம் வாரம் அதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. திருகை ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளினால் போதும், குரல் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஸ்டேஷனை மாற்றுவதில்லையே, அதே ஸ்டேஷன்தானே. பேச்சு ஒரு கணம்கூட அறாமல் பார்த்துக்கொண்டால் ஆயிற்று. கையை மடக்கி அக்குளுக்குள் வைத்துக்கொண்டு எத்தனையோ மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

ஒரு மதியம் அவள் முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் பின்னறையில் நின்று, பழைய சிவப்பு டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பினான்.

ஒரு மயிரிழைதான் திருப்பினான்.

பழைய திருகு. தடுக்கிக்கொண்டு ஒரு விரலளவு போனது.

பேச்சு அறுந்தது.

இரைச்சல்.

முன்னறையில் தையல் இயந்திரம் நின்றது.

"எத்தனையில விட்டேன்?"

அவன் திருகை முன்னும் பின்னும் வெறிபிடித்தவன் போலத் திருப்பினான். எந்தப் பக்கமும் ஸ்டேஷன் இல்லை. எல்லாப் பக்கமும் அதே இரைச்சல், அதே களைத்த குரல். ரேடியோவை அப்படியே விட்டுவிட்டு, அவள் வாயைப் பொத்திவிடலாம் என்று முன்னறைக்கு ஓடினான்.

"எழுநூத்தித் தொண்ணூத்தொம்பதுங்க," என்றாள் அவள்.

அவனிடம் பேசும்போது வருகிற அதே 'ங்க'. அதைவிடக் கொஞ்சம் கூடுதல் கனிவு.

பின்னறையில் கைப்பிடி ஒரு சுற்று சுற்றியது.

"எண்ணூறு."

குனிந்து, வேலை முடிந்ததும் நூலைக் கடிப்பதுபோல, வெறும் காற்றைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். எழுந்தாள். வாசலில் நின்ற அவனை ஒரு நாற்காலியை விலகிப் போவதுபோல விலகிப் போனாள். அவன் கையைப் பிடித்தான், ஏதேதோ சொல்லிக் கூப்பிட்டான். அவள் காதில் அது விழவில்லை. பின்னறைக்குப் போய் ரேடியோவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, அதன் மேலிருந்த தூசியை உள்ளங்கையால் பதமாகத் துடைத்தாள்.

அவன் பிளக்கைப் பிடுங்கினான். பேட்டரிகளை உருவித் தரையில் எறிந்தான். அவை உருண்டு சுவரில் முட்டி நின்றன.

இரைச்சல் நிற்கவில்லை.

"அடுத்தது எடுக்கட்டுமாங்க?" என்று அவள் ரேடியோவிடம் கேட்டாள்.

உள்ளே யாரோ நிம்மதியாக மூச்சு விட்டார்கள். கைப்பிடி சுற்றத் தொடங்கியது. அவள் காதோரத்தில் புதிதாக வளர்ந்திருந்த முடிக்குள் விரலை விட்டு, ஓர் இழையைத் தேடி எடுத்தாள்.

"ஒண்ணு," என்றாள்.